ஜட்ஜய்யா ஓட்டுக் கேட்டு வந்தால்...

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தானேயில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவது வழக்கம். குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு என்று பேர். பெரியவர்களுக்கு வடை, காபி, அரசியல். அன்றைக்குப் பேச்சு நீதிபதிகள் பக்கம் திரும்பியது. நாலு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பிய ஐ.டி. நண்பர் ஒருவர் ஆரம்பித்தார்.

"அங்க பாருங்க சார், ஜட்ஜையே ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. அப்பீல் கோர்ட் ஜட்ஜுக்கும் எலெக்‌ஷன்தான். இங்க என்னடான்னா அஞ்சு பேர் கதவைச் சாத்திக்கிட்டு அடுத்த ஜட்ஜ் யாருன்னு முடிவு பண்றாங்க. இதுல எது சார் ஜனநாயகம்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. (வாயில் வடை இருந்ததும் ஒரு காரணம்.) வீட்டுக்கு வந்தும் விடவில்லை. தங்கமணி "அதான் கூட்டம் முடிஞ்சு போச்சே, இன்னும் யார்கூட சண்டை போட்டுக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதி முடிக்கப் போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பி.காம் படித்துவிட்டு வங்கியில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டுகிறவன். ஆனாலும் என் கட்சி இதுதான்: நீதிபதி, அதுவும் மேல்முறையீடு கேட்கிற நீதிபதி, ஓட்டுக் கேட்டு வரக்கூடாது. அப்படி வந்தால் எல்லோரையும்விட அதிகமாகப் பயப்பட வேண்டியவர்கள் நம்மைப் போல அடுத்தவர் ஊரில் பிழைக்கிறவர்கள்தான்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நண்பர் சொன்னது பாதிதான் சரி. அமெரிக்காவின் மத்திய நீதிமன்றங்களுக்குத் தேர்தல் கிடையாது. ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் சபை ஒப்புதல் தருகிறது, நீதிபதி ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கலாம். தேர்தல் நடப்பது மாநில நீதிமன்றங்களுக்கு. பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வகையில் நீதிபதிகள் மக்கள் ஓட்டைச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு வட கரோலினா. அங்கே மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 15 நீதிபதிகள். மூன்று மூன்று பேராக உட்கார்ந்து வழக்குக் கேட்பார்கள். ஒவ்வொருவரும் மாநிலம் முழுவதற்குமான தேர்தலில் நின்று ஜெயித்து வர வேண்டும். பதவிக்காலம் 8 வருடம். சில வருடங்கள் ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயர் இல்லாமல் இருந்தது. அரசே பிரசாரச் செலவுக்குப் பணம் கொடுக்கும் நல்ல திட்டம் ஒன்றும் இருந்தது. அந்தத் திட்டத்தை 2013ல் மாநில சட்டமன்றம் ஊற்றி மூடியது. கட்சிப் பெயரும் பிறகு திரும்ப வந்துவிட்டது.

என் அக்கா மகன் அங்கேதான் கேரி என்ற ஊரில் இருக்கிறான். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் ஊர். குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறான். போனில் கேட்டேன், "டேய், ஜட்ஜுக்கெல்லாம் எப்படிடா ஓட்டுப் போடுவே? அவங்க தீர்ப்பெல்லாம் படிப்பியா?"

சிரித்தான். "மாமா, ஜனாதிபதியில ஆரம்பிச்சு அந்தச் சீட்டு நீளமா போகும். ஜட்ஜ் பேர் வர்றப்போ கை வலிக்கும். பேருக்குப் பக்கத்துல கட்சி போட்டிருக்கும். அதைப் பார்த்துப் போட்டுட்டு வந்துடுவேன். அவங்க எழுதின தீர்ப்பு ஒண்ணுகூட படிச்சதில்லை."

படித்த பையன், பொறுப்பான பையன். அவனே இப்படி என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? மேல்முறையீட்டு நீதிபதியின் வேலை அப்படி. சாட்சியை விசாரிப்பதில்லை, மக்கள் கண்ணில் படுவதில்லை. கீழ்க் கோர்ட்டில் சட்டத்தைச் சரியாகப் பார்த்தார்களா என்று காகிதக் கட்டைப் புரட்டி எழுதுகிற வேலை. நல்ல ஆடிட்டரை ஊர் ஜனங்கள் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள்? முடியாது. அதனால் சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டு வருகிறார்கள். இதைத்தான் நண்பர் "மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்கிறார்.

சரி, வேட்பாளர் பக்கம் வருவோம். எம்.எல்.ஏ.வுக்கு நிற்பவர் "ரோடு போடுவேன், தண்ணீர் கொண்டுவருவேன்" என்று சொல்லலாம். மேல்முறையீட்டு நீதிபதிக்கு நிற்பவர் என்ன சொல்ல முடியும்? "உங்கள் வழக்கு வந்தால் உங்கள் பக்கம் தீர்ப்பளிப்பேன்" என்றா? நேர்மையான வேட்பாளர் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "வழக்கு வரட்டும், இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்." இதைச் சொல்லி நம்மூர் வார்டு கவுன்சிலராகக்கூட ஆக முடியாது :-)

மினசோட்டா மாநிலத்தில், நீதிபதி வேட்பாளர்கள் சர்ச்சைக்குரிய சட்டப் பிரச்சினைகளில் தங்கள் கருத்தை அறிவிக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். 2002ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று ரத்து செய்தது. தேர்தல் என்று வைத்துவிட்டு வேட்பாளர் வாயைக் கட்டினால் எப்படி என்பது வாதம். அந்த வாதம் சரிதான். தப்பு அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. அந்த வேலைக்குத் தேர்தலே வைத்திருக்கக் கூடாது. வைத்த பிறகு அவர் வேட்பாளர் மாதிரித்தான் பேசுவார். "குற்றவாளிகளுக்கு இரக்கம் காட்ட மாட்டேன்" என்பார். எதிராளி டி.வி. விளம்பரம் போட்டு "இவர் குற்றவாளிகளை வெளியே விட்டவர்" என்பார். ஒரு மேல்முறையீட்டில் போலீஸ் செய்த தவறுக்காகத் தண்டனையை ரத்து செய்திருப்பார், சட்டப்படி சரியாகவே செய்திருப்பார். முப்பது நொடி விளம்பரத்தில் அதை விளக்க முடியுமா?

இனி பணம். இது என் ஏரியா.

வங்கியில் சேர்ந்த முதல் வருடம் தீபாவளிக்கு ஒரு கடன்தாரர் பெரிய மிட்டாய் டப்பா கொண்டுவந்தார். எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "திருப்பிக் கொடுத்துடு. இனிப்புக்காக இல்லப்பா. நாளைக்கு அவன் கணக்கு வாராக் கடனாகும்போது, உன் கை கொஞ்சம் நடுங்கும். அதுக்காக" என்றார். இன்றைக்கும் மறக்கவில்லை. சொந்தக்காரருக்குக் கடன் என்றால் கோப்பை நான் தொடக்கூடாது, மேலே அனுப்ப வேண்டும். வங்கி தன் டைரக்டருக்கே கடன் கொடுக்கக் கூடாது என்று 1949ம் வருட வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20வது பிரிவு சொல்கிறது. டைரக்டர்கள் எல்லோரும் திருடர்கள் என்பதாலா? இல்லை. நல்லவனையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்துச் சோதிக்காதே என்பதால்.

இப்போது மேற்கு வர்ஜீனியா கதையைக் கேளுங்கள். ஹியூ கேப்பர்ட்டன் என்பவர் சின்ன நிலக்கரி கம்பெனி நடத்தி வந்தார். மாஸி என்ற பெரிய நிலக்கரி கம்பெனி தன் தொழிலை மோசடியாக அழித்துவிட்டது என்று வழக்குப் போட்டார். 2002ல் ஜூரி அவருக்கு 5 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மாஸி மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும். அன்றைக்கு அந்த மாநிலத்தில் இருந்த ஒரே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள். 2004ல் அதில் ஒரு இடத்துக்குத் தேர்தல் வந்தது.

மாஸியின் தலைமை அதிகாரி டான் பிளாங்கன்ஷிப், பதவியில் இருந்த நீதிபதியை எதிர்த்து நின்ற பிரென்ட் பெஞ்சமினுக்கு ஆதரவாகச் சுமார் 30 லட்சம் டாலர் செலவு செய்தார். அன்றைய மதிப்பில் 13 கோடி ரூபாய்க்கு மேல். பெஞ்சமினின் மற்ற ஆதரவாளர்கள் எல்லோரும் சேர்ந்து செலவு செய்ததைவிட இது அதிகம். அதில் பெரும்பகுதி போன அமைப்பின் பெயரே "குழந்தைகளின் நலனுக்காக" என்ற அர்த்தத்தில் இருந்தது. விளம்பரத்தில் நிலக்கரி வாடையே கிடையாது. பெஞ்சமின் ஜெயித்தார்.

மாஸியின் மேல்முறையீடு வந்தது. "நீங்கள் இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்ளுங்கள்" என்று கேப்பர்ட்டன் தரப்பு கேட்டது. பெஞ்சமின் மறுத்தார். 2007ல் தீர்ப்பு: 3க்கு 2. மாஸி ஜெயித்தது, 5 கோடி டாலர் ரத்து. அந்த மூன்றில் ஒரு ஓட்டு பெஞ்சமினுடையது.

வழக்கு வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் போனது. 2009 ஜூனில் 5க்கு 4 என்ற கணக்கில், பெஞ்சமின் விலகியிருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கவனியுங்கள், அவர் லஞ்சம் வாங்கினார் என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை பெரிய உதவிக்குப் பிறகு நடுநிலை தவறும் அபாயம் சகிக்க முடியாத அளவுக்கு இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். எங்கள் பழைய மேனேஜர் ஒரு மிட்டாய் டப்பாவுக்குச் சொன்ன அதே விஷயம். அதைச் சொல்ல அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, அதிலும் நாலு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தன் மாறுபட்ட தீர்ப்பில், "எவ்வளவு பணம் என்றால் அதிகம்? யார் கொடுத்தால் தப்பு?" என்கிற ரீதியில் 40 கேள்விகளை வரிசையாக அடுக்கினார். நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த 40 கேள்விகளும் எதைக் காட்டுகின்றன? நீதிபதித் தேர்தலையும் சுத்தமான கையையும் ஒன்றாக வைத்துக்கொள்ள ஒழுங்கான விதி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பதைத்தான்.

(கேப்பர்ட்டன் கடைசியில் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வழக்கு திரும்ப மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய், 2009 நவம்பரில் பெஞ்சமின் இல்லாத அமர்விலும் அங்கே தோற்றார். ஆக, பெஞ்சமின் இல்லாமலேயே மாஸி ஜெயித்திருக்கலாம். ஆனால் முதல் தீர்ப்பை யாராவது நம்பினார்களா? தீர்ப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, தோற்றவன் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.)

"அது பழைய கதை சார், ஏதோ ஒரு மாநிலம்" என்பீர்கள். புதுக் கதை வேண்டுமா? விஸ்கான்சின், 2025 ஏப்ரல் 1. மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரே ஒரு இடம். மொத்தச் செலவு சுமார் 10 கோடி டாலர், நம் பணத்தில் 850 கோடி ரூபாய் பக்கம். ஈலான் மஸ்க்கும் அவரைச் சேர்ந்த அமைப்புகளும் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் இறக்கினார்கள். கிரீன் பே ஊரில் மேடை ஏறி இரண்டு பேருக்குத் தலா 10 லட்சம் டாலர் காசோலை கொடுத்தார் மஸ்க். நம்மூரில் ராத்திரியில் கதவிடுக்கில் கவர் சொருகுவதையே இன்னும் வெட்கத்தோடுதான் செய்கிறார்கள். அதே 2025 ஜனவரியில்தான் அவருடைய டெஸ்லா கம்பெனி, கார் விற்பனை விதிகளை எதிர்த்து அந்த மாநிலத்தில் வழக்குப் போட்டிருந்தது.

"ஆனால் மஸ்க் ஆதரித்தவர் தோற்றாரே, ஜனங்கள் முழித்துக்கொண்டார்களே?" என்று நண்பர் கேட்பார். உண்மை. சூசன் கிராஃபோர்ட் பத்து சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் ஜெயித்தவர் பக்கமும் பெரும் பணக்காரர்கள் காசு போட்டிருக்கிறார்கள். அவர் தனிப்பட்ட முறையில் எவ்வளவு நேர்மையானவராகவும் இருக்கட்டும். நாளைக்கு அந்தக் கோர்ட்டில் தோற்கிறவன் முதலில் என்ன நினைப்பான்? "யார் காசு?" என்றுதான் நினைப்பான். மஸ்க் தோற்றதால் அந்தக் கேள்வி போய்விடவில்லை.

பணத்தையும் விடுங்கள். வேட்பாளர் ஆகிவிட்டால் நீதிபதியும் வேட்பாளர் மாதிரித்தான் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மறுபடி என் அக்கா மகனின் வட கரோலினா. ஜெஃபர்சன் கிரிஃபின் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. 2024 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்ற இடத்துக்கு, பதவியில் இருந்த அலிசன் ரிக்ஸை எதிர்த்து நின்றார். 55 லட்சம் ஓட்டுகளில் 734 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். இரண்டு முறை மறு எண்ணிக்கை, அதே 734. அவர் என்ன செய்தார்? 60,000க்கும் மேற்பட்ட ஓட்டுகளைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு வழக்குப் போட்டார். பெரும்பாலானவர்கள் மேல் இருந்த குற்றம், வாக்காளர் பதிவேட்டில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கமோ இல்லை என்பது. அந்தப் பட்டியலில் ரிக்ஸின் அப்பா அம்மா பெயரே இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போட்டவர்கள், ராணுவத்தில் இருப்பவர்கள் ஓட்டுகள் மேலும் ஆட்சேபணை.

வழக்கு எங்கே வந்தது தெரியுமா? அவர் நீதிபதியாக இருந்த அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. அவர் அந்த அமர்வில் இல்லை. ஆனால் அவருடைய சகாக்கள் மூன்று பேர் உட்கார்ந்து, 2025 ஏப்ரலில் 2க்கு 1 என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். கடைசியில் மே 5ந் தேதி மத்திய நீதிமன்ற நீதிபதி ஒருவர், விளையாட்டு முடிந்த பிறகு விதியை மாற்றக் கூடாது என்ற அடிப்படையில், ரிக்ஸ் ஜெயித்ததை அறிவிக்கச் சொன்னார். மே 7ந் தேதி கிரிஃபின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் போராட்டம். முடித்துவைத்தவர் யார்? ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத, ஆயுள் நியமனம் பெற்ற ஒரு மத்திய நீதிபதி.

என் அக்கா மகன் அந்தப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தானாம். இல்லை. "ஆனா மாமா, இத்தனை வருஷம் வரி கட்டி, பரீட்சை எழுதி, கை தூக்கிச் சத்தியம் பண்ணிக் குடியுரிமை வாங்கினவன் நான். ஒரு ஜட்ஜே என் ஓட்டை எடுக்கலாமான்னு பார்க்கிறப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றான். அந்த "ஒரு மாதிரி" நமக்கெல்லாம் தெரியும் இல்லையா? வெளியூரில் ரேஷன் கார்டுக்கு அலைந்த எல்லோருக்கும் தெரியும்.

இப்போதுதான் நான் சொல்ல வந்ததற்கே வருகிறேன்.

ஐயோவா மாநிலத்தில் 2009ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏழு பேரும் ஒருமனதாக, ஒரே பாலினத்தவர் திருமணத்தைத் தடுப்பது மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். அங்கே நீதிபதிகள் நியமிக்கப்படுகிறவர்கள்தான். ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை "இவர் தொடரலாமா" என்று மக்களிடம் ஓட்டு எடுப்பார்கள். 2010ல் மூன்று பேர் முறை வந்தது. வெளி மாநில அமைப்புகள் பணத்தோடு வந்து இறங்கின. மூன்று பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், தலைமை நீதிபதி உட்பட. அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அது வேறு விவாதம். நான் கேட்பது இதை மட்டும்: அடுத்த முறை சிறுபான்மையினர் ஒருவரின் வழக்கு வரும்போது, மிச்சம் இருக்கிற நீதிபதி பேனாவை எடுக்கும்போது, அந்த மூன்று காலி நாற்காலிகள் அவர் கண்ணில் படாதா?

என் சொந்தக் கதை ஒன்று. 2014ல் என்னை ராய்ப்பூருக்கு மாற்றினார்கள். தானே ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பினேன். ஆறு மாதத்தில் எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போட்டார்கள்: வாடகைக்கு விட்ட வீடுகள் மாதம் 5,000 ரூபாய் கூடுதல் கட்ட வேண்டும். ஆதரவு 41, எதிர்ப்பு 6. அந்த ஆறில் பாதிப் பேர் என்னைப் போல வெளியூர்க்காரர்கள். சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி வசூலிக்கக் கூடாது என்று மகாராஷ்டிர அரசு 2001லேயே உத்தரவு போட்டிருக்கிறது. என் கணக்குக்கு அது 240 ரூபாய்தான் வரும். லெட்டர் எழுதினேன். போன் பண்ணினேன். செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "சாப், மெஜாரிட்டி முடிவு. நான் என்ன செய்ய? அடுத்த வருடம் எனக்கும் எலெக்‌ஷன் இருக்கு" என்றார். கமிட்டியில் இன்னொருவர், "மதராசி லோக் வருவீங்க, வாங்குவீங்க, வாடகைக்கு விட்டுட்டுப் போயிடுவீங்க" என்றார். கெட்ட மனிதர்கள் இல்லை. என் பையனுக்குக் காய்ச்சல் என்றபோது ராத்திரி கார் எடுத்துக்கொண்டு வந்தவர்தான் அந்தச் செயலாளர். ஆனால் 41 ஓட்டு வேண்டியவர் 6 ஓட்டுக்காரனுக்கு நியாயம் சொல்ல முடியாது.

கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடம் மனுப் போட்டேன். மூன்று தடவை ராய்ப்பூரிலிருந்து ரயில் ஏறி வந்தேன். பதினோரு மாதம் ஆனது. அந்த அதிகாரி மராத்திக்காரர். என் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. இரண்டே கேள்வி கேட்டார், உத்தரவு நகலைப் புரட்டினார், கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எழுதினார். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அவருக்கு என் ஓட்டும் வேண்டாம், செயலாளர் ஓட்டும் வேண்டாம். அதனால்தான் உத்தரவைப் படிக்க அவருக்கு நேரம் இருந்தது. அவரும் அந்த வட்டாரத்தில் ஓட்டு வாங்கி வந்த ஆளாக இருந்திருந்தால்? உங்களுக்கே தெரியும்.

தேர்தல் பெரும்பான்மையைக் கண்டுபிடிக்கிற கருவி. அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது, எம்.எல்.ஏ., எம்.பி. எல்லாம் அப்படித்தான் வர வேண்டும். ஆனால் மேல்முறையீட்டுக்குப் போகிறவன் பெரும்பாலும் ஏற்கனவே எங்கேயோ தோற்றவன். கமிட்டியிலோ, ஆபீஸிலோ, கீழ்க் கோர்ட்டிலோ. பல வழக்குகளில் எதிர்த் தரப்பே பெரும்பான்மைதான், அல்லது அது தேர்ந்தெடுத்த அரசாங்கம். வழக்கில் ஒரு தரப்பே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கலாமா? எங்கள் கிளைக்கு வரும் ஆடிட்டரைக் கிளை மேனேஜர் தேர்ந்தெடுப்பதில்லை. இது புரிய சட்டம் படிக்க வேண்டாம், பி.காம் போதும்.

1960களின் கடைசியில் இதே மும்பையில் தென்னிந்தியர்களுக்கு எதிராக என்ன நடந்தது என்று மாதுங்கா, செம்பூர் பெரியவர்களைக் கேளுங்கள். உடுப்பி ஹோட்டல்கள் உடைபட்ட காலம். அன்றைக்கு ஹைகோர்ட் நீதிபதிகளும் ஓட்டுக் கேட்டுத் தெருவில் நின்றிருந்தால், எந்தப் பக்கம் பேசியிருந்தால் ஜெயித்திருப்பார்கள்? பெங்களூரில் 1991ல் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். நாளைக்குத் தமிழ்நாட்டில் வேலை பார்க்கும் பீகார்ப் பையனுக்கும் இதே கேள்விதான். அங்கே பெரும்பான்மை நாம்.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். அமெரிக்கர்கள் முட்டாள்தனமாக இதைக் கொண்டுவரவில்லை. 1832ல் மிசிசிப்பி மாநிலம் எல்லா நீதிபதிகளையும் தேர்ந்தெடுப்பது என்று ஆரம்பித்தது, 1846ல் நியூயார்க் சேர்ந்துகொண்டது, பிறகு வரிசையாகப் பல மாநிலங்கள். கவர்னர்களும் கட்சிப் பெரியவர்களும் தங்கள் ஆட்களை நீதிபதியாக்கிக்கொண்டிருந்தார்கள், அதை உடைக்கத்தான் மக்களிடம் போனார்கள். நோய் உண்மை. மருந்துதான் இன்னொரு நோயாகிவிட்டது. அங்கே உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், ஓய்வு பெற்ற பிறகு வருடக்கணக்காக நீதிபதித் தேர்தலுக்கு எதிராகப் பேசிவந்தார். அவர் மாநில நீதிபதித் தேர்தலில் தானே நின்று ஜெயித்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமீபத்தில் மெக்சிகோவும் இந்த மருந்தைக் குடித்தது. 2025 ஜூன் 1ந் தேதி உச்ச நீதிமன்றம் முதல் கீழ் நீதிமன்றம் வரை தேர்தல். ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 13 சதவீதம். யாருக்குப் போட வேண்டும் என்று எழுதின பிட்டுக் காகிதங்கள் ஊர் முழுக்கச் சுற்றின. நூற்றில் 87 பேர் வராத தேர்தலில் மக்கள் குரல் எங்கே இருக்கிறது?

அப்படியென்றால் நம் கொலீஜியம் சரியா? இல்லை. அந்த விஷயத்தில் நண்பர் கோபம் என் கோபமும்தான். நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று நமக்குத் தெளிவான காரணம் கிடைப்பதில்லை. அதை மாற்ற வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று ரத்து செய்துவிட்டது. மாறுபட்டவர் நீதிபதி செலமேஸ்வர். கொலீஜியத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்ற அவர் குறை இன்றைக்கும் தீரவில்லை.

ஆனால் மூடின கதவுக்கு மாற்று, அதைப் பிடுங்கிப் போட்டு மேடையாக்குவது இல்லை. கதவைத் திற, உள்ளே நடப்பதைக் காட்டு, அவ்வளவுதான் நான் கேட்பது. வங்கியில் எங்களுக்கு இன்டர்வியூ எப்படி நடக்கிறது? தகுதி என்ன என்று முன்கூட்டியே அறிவிப்பு, விண்ணப்பம், குழுவில் வெளியாட்கள், பிறகு காரணத்தோடு குறிப்பு. ஒரு கிளார்க்கை எடுக்கவே இத்தனை காகிதம் இருக்கிறது. ஹைகோர்ட் நீதிபதிக்கு வேண்டாமா? யாருடைய உறவினர் என்று சொல்ல வேண்டும், சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும், ஓய்வு பெற்றதும் அரசாங்கப் பதவிக்கு ஓடாதபடி இடைவெளி வேண்டும். இவ்வளவும் ஒரு ஓட்டுக்கூடப் போடாமல் செய்யக்கூடியவை.

அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில். நண்பருக்கு இந்தப் பதிவை அனுப்பிவிட்டேன். வடையோடு வந்து மறுக்கட்டும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறேன். ஐயா, உங்கள் ஃபிளாட் வழக்கோ, வேலை வழக்கோ, ஊர்க்காரர் ஒருவரோடு இந்த ஊர் கோர்ட்டில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் ஜட்ஜுக்குத் தேர்தல். அவருக்கு வேண்டியது 41 ஓட்டு. நீங்கள் ஆறு பேரில் ஒருவர். தீர்ப்பு எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்?

டிஸ்கி: சொசைட்டி திருப்பிக் கொடுத்த பணத்தில் ராய்ப்பூர் ரயில் செலவு போக மிச்சம் கொஞ்சம்தான். தங்கமணி கணக்குப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு ஆட்டம்?" என்றாள். ஆமாம், இதுக்குத்தான்.